கோட்டானுக்கு வாயாடி எழுதுவது

ஜூன் 4

கோட்டானுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கி அடித்துவிட்டேன். கறுப்பாகத் தெரிவது அதுதான். தாளை மாற்றப் பொறுமையில்லை.

நீ போனில் கூப்பிட்டது தெரியும். மணி ஓயும்வரை அதன்மேல் தலையணையைப் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தேன். நேற்று வாசலில் வந்து நின்ற கார் யாருடையது என்றும் தெரியும். கதவைத் திறக்கவில்லை, இனியும் திறக்கமாட்டேன். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. எழுத்தில் உன் வாய் பலிக்காது. உன்னைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அண்ணனை அடக்கம் செய்தாகிவிட்டது. முகத்தைக் காட்டச் சொல்லி அண்ணி கெஞ்சினாள். பெட்டியைத் திறக்க முடியாது என்றார்கள். அவனோடு சேர்த்து ஆறு பேர்.

அன்றைக்கு நான் லாண்டரியில், மடிப்பு அறையில் இருந்தேன். முற்றத்துக்கு இந்தப் பக்கம், மாடியில். பாய்லரில் தகட்டு இணைப்பு விட்டு ஆவி சீறுகிறது, சரிபார்க்காமல் ஒருத்தரும் உள்ளே போகக்கூடாது என்று அண்ணன் எல்லாரையும் முற்றத்தில் உட்காரவைத்திருந்தான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் குவிந்து நாற ஆரம்பித்திருந்தன. முதலாளியின் கார் வந்தது. நீ இறங்கினாய். சரக்கு ஏற்றுகிற மேடையில் ஏறி நின்றாய்.

ஜன்னல் சாத்தியிருந்தது, பின்னால் உருளைகள் இரைந்துகொண்டிருந்தன. உன் குரல் எனக்கு எட்டவில்லை. ஆனால் நீயும் அந்த லாண்டரியில் கைவெந்தவள்தானே? அந்த இரைச்சலில் நாம் எல்லாருமே உதட்டைப் பார்த்துப் பேசிப் பழகியவர்கள். உன் உதட்டைப் படித்தேன். "பயப்படாம உள்ளே போங்க. வேலையை ஆரம்பிங்க." அவ்வளவுதான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைத் தரையில் வைத்தார்கள். முதலில் எழுந்தது அண்ணன். யார் என்ன சொன்னாலும் 'ஏன்?' என்று கேட்டு உயிரை வாங்குகிற என் அண்ணன், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவன்போல் உள்ளே போனான். நீ காரில் ஏறிப் போய்க் கொஞ்ச நேரத்தில் என் ஜன்னல் கண்ணாடி என் மடியில் கிடந்தது.

விசாரணை அதிகாரி வந்திருக்கிறார். பிழைத்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டாகப் பாடுகிறார்கள்: "யாரும் சொல்லல. நாங்களாத்தான் போனோம்." அவர்கள் பொய் சொல்லவில்லை. நீ ஏவியது அவரவருக்குச் சொந்த யோசனையாகத்தான் படும் என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் அதிகாரிக்கு ஒரு குற்றவாளி வேண்டும். கூட்டத்துக்குத் தலைவன் யார்? முதலில் எழுந்து போனவன் யார்? ஜூலை ஐந்தாம் தேதி அறிக்கை வருகிறது. ஐந்து பேரைச் சாவுக்குக் கூட்டிப் போனவன் என்று அண்ணன் பெயர் அதில் ஏறப்போகிறது. அண்ணியும் பிள்ளைகளும் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

ஒரே ஒரு வாக்குமூலம் போதும், எல்லாம் மாறிவிடும். அதைச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். சொன்னால் குரல் காவல்காரர்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நம் தெருத் தையல்காரர் ஞாபகம் இருக்கிறதா? தாடைக்குக் கீழே அவர்கள் அறுத்த தழும்பும், வாயைத் திறந்தால் வெறும் காற்றுமாக, அளவைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவாரே. அவரைக் கடக்கும்போதெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாய். நகம் பதியும்.

அதனால்தான் முதலில் உன்னிடம் கேட்கிறேன். ஏன் செய்தாய்?

வாயாடி


ஜூன் 9

அன்புள்ள வாயாடிக்கு,

நான் அடிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

உன் அண்ணன் எனக்கும் அண்ணன்தான் இல்லையா? பள்ளிக்கூடம் விட்டதும் உன்னைப் பின்னாலும் என்னை முன்னாலும் உட்காரவைத்து சைக்கிள் மிதித்தவன். "இந்தக் கோட்டானுக்கு ஒரு நாள் வாய் திறக்கும்டி, அன்னிக்கு ஊரே நடுங்கும்" என்று கேலி செய்தவன். அவனுக்கு ஒன்றும் தெரியாமலே சொன்னான். நான் சிரித்தேன்.

பாய்லரைப் பார்த்தாகிவிட்டது, இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுவிட்டார், இவர்கள் சும்மா அடம் பிடிக்கிறார்கள் என்று முதலாளி சொன்னார். நம்பினாயா என்று கேட்பாய். நம்புவது வசதியாக இருந்தது. என்னிடம் உள்ள உண்மை இவ்வளவுதான்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. முதலாளிக்கு என்னைப் பற்றித் தெரியும். போன வருடம் வெளுத்த துணி கொடுக்கப் போனபோது அவர் வீட்டுத் தோட்டத்தில் நாய் ஒரு குழந்தைமேல் பாய்ந்தது. யோசிக்காமல் "நில்லு!" என்று கத்திவிட்டேன். தோட்டக்காரர் நின்றார், டிரைவர் நின்றார், முதலாளியின் மனைவி ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். நாய் மட்டும் நிற்கவில்லை. மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து காதில் மெழுகு வைத்துக்கொண்டுதான் என்னோடு பேசுகிறார். நான் பதிலை எழுதிக் காட்ட வேண்டும். தன் வீட்டு மூன்றாவது மாடியில் அறை கொடுத்திருக்கிறார். தரை முழுக்கக் கம்பளம், நடந்தால் என் காலடிச் சத்தமே எனக்குக் கேட்காது. குரல் காவலுக்கு ஒரு போன் போதும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஏவல்வாய் உள்ளவள் நான், ஏவுகிறவர் அவர்.

ஏவாமல் இருக்க நான் எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன் என்று உனக்கே தெரியாதா? எதையும் கேள்வியாகவே கேட்டுப் பழகினேன். 'தண்ணி குடு' என்று சொன்னால் ஏவல், 'தண்ணி இருக்கா?' என்றால் வெறும் கேள்வி, அது யாரையும் ஒன்றும் செய்யாது. பள்ளிக்கூடத்தில் "கேள்வி மூட்டை" என்று பெயர் வைத்தார்கள். தாளில்தான் என்னால் வா, போ, இரு என்றெல்லாம் தைரியமாக எழுத முடிகிறது.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் அண்ணன் சட்டைக் கையை மடிக்கிறான்.

நீ வாக்குமூலம் பற்றி எழுதியிருந்தாய். கோபத்தில் எழுதியது என்று எனக்குத் தெரியும். நீ சொல்லமாட்டாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணி வீட்டுக்கு வேறு வழி ஏதாவது செய்யலாமா? யோசிக்கிறாயா?

உன் கோட்டான்


ஜூன் 15

கோட்டானுக்கு,

'நீ சொல்லமாட்டாய். சந்தேகமே இல்லை.' அந்த வரி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. அவ்வளவு உறுதியா உனக்கு என்று வீம்பு வந்தது. மறுநாள் காலையிலேயே விசாரணை அதிகாரியைப் பார்க்கப் போனேன்.

பழைய தபால் கிடங்கில் உட்கார்ந்திருக்கிறார். ஆட்டம் காணும் மேசை, காலுக்கடியில் மடித்த அட்டை. "சொல்லுங்கம்மா, என்ன பார்த்தீங்க?" என்றார். வாயைத் திறந்தேன். துண்டுகளை எப்படி நாலாக மடிப்பது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நிறுத்த நினைத்தேன், முடியவில்லை. விரிப்பு, தலையணை உறை, மேசைத் துணி என்று எல்லாவற்றையும் மடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன். 

மறுபடி போனேன். இந்தத் தடவை பாய்லர் நன்றாகத்தான் இருந்தது என்று என் வாயாலேயே சொன்னேன். கேட்கிறாயா? அண்ணன் செத்த பாய்லரை நான் புகழ்ந்தேன்! வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். உனக்கு எழுதும்போது ஓடுகிற பேனா, அவருக்கு என்றால் நகரவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று சொல்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் மனம் முழுக்க உன்மேல் இரக்கம் பொங்கியது. அண்ணனுக்காக வரவேண்டிய கண்ணீர் உனக்காக வந்தது.

இப்போது கேட்கிறேன். உன் வாயை என்மேல் எப்போதாவது வைத்தாயா?

உனக்காக நான் செய்ததையெல்லாம் சொல்லிக்காட்டுகிற வழக்கம் எனக்கு இல்லை. இன்றைக்குச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்குக் குரல் சோதனைக்கு வந்தார்களே, ஒவ்வொரு பிள்ளையாகத் திரைக்குப் பின்னால் போய், வெளியே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் "எழுந்திரு", "கையைத் தூக்கு" என்று சொல்ல வேண்டும். அந்த ஆள் எழுந்துவிட்டால் அந்தப் பிள்ளை அவ்வளவுதான். உன் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் இரண்டாம் முறை போனேன். பிடிபட்டிருந்தால் என்னையும் அறுத்திருப்பார்கள். பிறகு அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, உனக்கே தெரியும். அவர் தம்பி குரல் காவலில் குமாஸ்தா என்று கேள்விப்பட்டதும் வேண்டாம் என்றுவிட்டேன். தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று பயம். "திமிர் பிடிச்சவ" என்று அண்ணன் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

இதையெல்லாம் நானாகச் செய்தேன் என்று இத்தனை வருடம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். முற்றத்திலிருந்து எழுந்து போனவர்களும் தாங்களாகத்தான் போனார்களாம்.

வாயாடி


ஜூன் 20

வாயாடிக்கு,

இல்லை. இல்லை. யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. வேண்டுமானால் யோசித்துப் பார். அப்படி ஒரு நாள் உன் நினைவில் இருக்கிறதா?

நீ பட்டியல் போட்டாயே, நானும் போடட்டுமா? மேற்பார்வையாளர் உன்மேல் கை வைக்கப் பார்த்தபோது என்னை பாய்லர் அறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், "அவன்கிட்ட நீ கொஞ்சம் பேசேன்" என்றது யார்? சோப்புக் காரத்தில் உன் கை வெந்தபோது மடிப்பு அறைக்கு மாற்றல் எப்படிக் கிடைத்தது? கைகலப்பில் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ்காரர் பாதி வழியில் மனம் மாறித் திரும்பி வந்தாரே, அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது என்றா நினைத்தாய்? அப்போதெல்லாம் என் வாய் உனக்கு இனித்தது. நீ என்னை இடுப்பில் செருகிய கத்திபோல் வைத்திருந்தாய். தேவைப்பட்டால் எடுப்பாய், முடிந்ததும் துடைத்துச் செருகிவிடுவாய். நீ ஊரெல்லாம் பேசினாய், சிரித்தாய், சண்டை போட்டாய். நான் உன் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன். நம் இருவரில் பலம் யாரிடம் இருந்தது? என்னிடமா?

எழுதி முடித்துப் படித்துப் பார்க்கிறேன். அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் அனுப்புகிறேன், ஏனென்றால் பொய் இல்லை.

நேரில் ஒரு தடவை வரட்டுமா? ஒன்றும் பேசமாட்டேன். உன் எதிரில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவேன்.

ஒன்று இருக்கிறது. சொல்லாதே என்று நான் சொல்லவில்லை, அது சத்தியம். ஆனால்

வேண்டாம். இதோடு நிறுத்துகிறேன்.

கோட்டான்


ஜூன் 23

கோட்டானுக்கு,

வராதே.

நீ எழுதியதெல்லாம் உண்மைதான். கத்தி என்று நீ சொன்னது சுட்டது. ஆனால் அண்ணன் போனது என் கத்தியால் இல்லை.

நேற்று ரொட்டிக் கடை வரிசையில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். செத்துப்போனவர்களில் ஒருவருடைய அம்மா வந்து அண்ணியின் பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினார். யாரும் தடுக்கவில்லை. அண்ணி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: "உங்க அண்ணன் நெசமாவே கூட்டிட்டுப் போனாரா? நீ மாடியில இருந்து பாத்தேல்ல? எங்கிட்டயாவது சொல்லு." அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு, "ஆமா அண்ணி, அவன்தான் கூட்டிட்டுப் போனான்" என்றேன். அந்தப் பதிலை நான் யோசிக்கவே இல்லை. தானாக வந்தது.

அவள் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அண்ணன் படத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டாள்.

'ஆனால்' என்று எழுதி நிறுத்தியிருந்தாயே. அந்த வாக்கியத்தை முடித்து அனுப்பு.

வாயாடி


ஜூன் 27

வாயாடிக்கு,

முடிக்கிறேன்.

பள்ளிக்கூட முற்றம். குழாயடி. எனக்கு எட்டு வயது, அந்தப் பள்ளிக்குப் புதிது. வந்து ஒரு வாரமாகியும் யாரும் என்னோடு பேசவில்லை. நீ மதில் பக்கம் கூட்டத்துக்கு நடுவில் நின்று கை காலெல்லாம் ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். யாருக்குக் கேட்கப் போகிறது என்று எனக்கு நானே சொல்வதுபோல், ஆனால் வாய்விட்டுச் சொன்னேன்: "என்கூட ஃப்ரெண்டா இரு. எப்பவும் என் பக்கமே இரு."

நிமிர்ந்தால் நீ எதிரில் நிற்கிறாய். கையில் பாதி பன். அதை நீட்டினாய். "இந்தா, தின்னு. பேர் என்ன?" என்றாய்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. கூப்பிட்டேன், ஒருத்தி வந்தாள் என்றுதான் இருந்தது. அடுத்த வருடம் டீச்சரிடம் "போங்க" என்று சொல்லி, அவர் வகுப்பை விட்டு, தெருவை விட்டு, ஊர் எல்லைவரை போன பிறகுதான் எனக்கு என்ன வாய்த்திருக்கிறது என்று புரிந்தது. அன்று மாலையே குழாயடி நினைவுக்கு வந்தது. என் சொல்லுக்கு எவ்வளவு பலம் இருந்தால் தின்றுகொண்டிருந்த பன்னைக்கூட எடுத்துக்கொண்டு வந்திருப்பாள் என்று பயந்தேன்.

நீ என்னைப் பற்றி அதிகாரியிடம் பேச முடியாமல் போனதற்குக் காரணம் அதுதான். நீ என்னைத் திட்டலாம், வெறுக்கலாம், ஆனால் வேறு யாரிடமும் என் பக்கத்தை விட்டுப் பேச முடியாது. குரல் சோதனை, கண்ணாடிக் கடைக்காரர், அண்ணியிடம் சொன்ன பதில் எல்லாம் அதுதான்.

ஏன் முன்பே அவிழ்க்கவில்லை என்று கேட்பாய். ஒரு வாய் வார்த்தை போதும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் இந்த வருடம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சொன்ன அடுத்த நொடி நீ என்னை யாரோபோல் பார்த்தால்? உலகத்தில் எனக்கு இருந்தது நீ ஒருத்தி. அதுவும் நானே செய்துகொண்டது. அதை உடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அவிழ்க்கிறேன். அதற்கு நான் பேச வேண்டும், நீ கேட்க வேண்டும். என்னை நம்ப உனக்குக் காரணம் எதுவும் இல்லை. அதனால் இப்படிச் செய்யலாமா? வெடிப்பில் காது போன பாய்லர்காரர் உன் பக்கத்து வீடுதானே. அவருக்கு என் குரல் கேட்காது, ஆனால் லாண்டரி ஆள், உதட்டைப் படிப்பார். அவரை உன் ஜன்னலில் நிறுத்து. கையை ஜன்னல் கதவின்மேல் வைத்துக்கொள்ளட்டும். அவருக்கு என்று ஒரு சீட்டு இதோடு வைத்திருக்கிறேன். நான் சொல்லப்போகும் வார்த்தைகள் அதில் இருக்கின்றன: 'இனிமே நீ என் பக்கம் இருக்க வேண்டாம். உன் இஷ்டப்படி இரு.' இதற்கு மேல் ஒரு வார்த்தை என் உதட்டில் வந்தால் அவர் ஜன்னலை அறைந்து சாத்திவிடலாம். ஜூலை முதல் தேதி காலை, விரிப்பு ஏற்றி வரும் வண்டியில் வருகிறேன். முதலாளிக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நீ அதிகாரியிடம் போவாய். போ. தையல்காரர் கழுத்தை நான் மறக்கவில்லை.

ஒரே ஒரு பேராசை எனக்கு இருக்கிறது. கட்டை அவிழ்த்த பிறகும் நீ கொஞ்சம் மிச்சம் இருப்பாயோ என்று. இத்தனை வருடத்தில் ஏதாவது ஒன்று ஏவல் இல்லாமல் உனக்குள் தானாக வளர்ந்திருக்காதா?

உன் கோட்டான்


ஜூலை 3

வணக்கம்.

உங்களை எப்படிக் கூப்பிட்டு எழுதுவது என்று தெரியவில்லை. பழைய பெயரை எழுதிப் பார்த்தேன், வேறு யாரோ வைத்த பெயர்போல் இருந்தது. மன்னிக்கவும்.

நடந்ததை உங்களுக்குச் சொல்வதுதான் முறை. நீங்கள் வண்டியிலிருந்து இறங்கி விளக்குக் கம்பத்தின் பக்கத்தில் நின்று சொன்னீர்கள். எனக்குக் கேட்டது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பல நாள் அடைத்திருந்த காது திறப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான். உங்கள் உதடு மறுபடி அசைந்தது, பாய்லர்காரர் ஜன்னலை அறைந்து சாத்திவிட்டார். அதிகப்படியாக என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "வேற ஒண்ணும் இல்லம்மா. 'வாயாடி'ன்னு கூப்பிட்டுச்சு. அவ்வளவுதான். சீட்டுல இல்லாத வார்த்தை, அதான் சாத்திட்டேன்" என்றார். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண் தெருவில் நின்றாள். களைத்த முகம். இவளுக்காகவா என்று இருந்தது. அவ்வளவுதான் தோன்றியது.

பிறகு தரையில் உட்கார்ந்து அண்ணனுக்காக அழுதேன். அவன் செத்த பிறகு அன்றைக்குத்தான் முழுதாக அழுதேன். அதுவரை பாதி அழுகை உங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நேற்று வாக்குமூலம் கொடுத்தேன். தடங்கல் ஒன்றும் இல்லை. உங்கள் கடிதங்களைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். முதலாளியையும் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்ஜினியர் கையெழுத்தே இல்லையாம். அறிக்கையிலிருந்து அண்ணன் பெயரை எடுத்துவிடுவார்கள். அண்ணி படத்தை மறுபடி நேராகத் திருப்பி வைத்துவிட்டாள். என்னோடு இன்னும் பேசவில்லை. அது ஏவலால் சொன்னது என்று விளக்கினேன். "உன் வாய்தானே சொல்லிச்சு" என்றாள்.

உங்களைத் தேடி நாளையோ மறுநாளோ வருவார்கள். ஓடிவிடுங்கள் என்று எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றும் என்று காத்திருந்து பார்த்தேன்.

மிச்சம் ஏதாவது இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். உண்மையாகத் தேடினேன். நீங்கள் என்னிடம் பேசிய பிறகு நடந்தது எதுவும் எனக்குச் சொந்தம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் அதற்கு முந்திய நிமிடத்துக்குப் போய்ப் பார்த்தேன். கட்டு அவிழ்ந்ததிலிருந்து அந்த முற்றம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. இதை உங்களுக்குச் சொல்லாமல் விடுவதுதான் நல்லதோ என்றும் யோசித்தேன். ஆனால் இது உங்களுக்கும் சேர வேண்டியது.

மதில் பக்கம் கதை சொல்லிக்கொண்டிருந்தபோதே குழாயடியில் ஒரு பெண் தனியாக நிற்பதைப் பார்த்தேன். கதையைப் பாதியில் விட்டேன். பையிலிருந்து பன்னை எடுத்து இரண்டாகப் பிய்த்தேன். "எங்கடி போறே?" என்று கேட்டார்கள். "அந்தப் புதுப் பொண்ணு தனியா நிக்குது. கூட்டிட்டு வரேன்" என்றேன். முற்றத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் உங்கள் குரல் கேட்டது. நீங்கள் தலையைக் குனிந்திருந்தீர்கள், அதனால் நான் வந்துகொண்டிருந்ததைப் பார்க்கவில்லை.

இவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

மடிப்பு அறை, நீராவிச் சலவை ஆலை


ஆகஸ்ட் 20

வாயாடிக்கு,

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை, பொறுத்துக்கொள்.

முடிந்துவிட்டது. வலி குறைந்திருக்கிறது. கூழாகத்தான் உணவு கொடுக்கிறார்கள். இங்கே வார்டில் எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு சிலேட்டு. முதல் நாள் நர்ஸிடம் தண்ணீர் கேட்க, பழக்கத்தில் 'தண்ணி இருக்கா?' என்றுதான் எழுதினேன். 'குடு' என்றே எழுதலாம், இனி ஒன்றும் ஆகாது என்று சிரித்தாள். நான் மாற்றவில்லை.

உன் கடிதத்தைக் காவலர் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். பன் பற்றிய இடம் வந்ததும் சத்தம் போட்டு அழ வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் ஓடிவந்து என் முதுகைத் தடவினாள். அவளுக்கு என்னைத் தெரியாது, நான் எதுவும் ஏவவும் இல்லை. அந்தக் கை முதுகில் இருந்தவரை நான் வேறு எதையும் நினைக்கவில்லை.

நான் தலையைக் குனியாமல் இருந்திருந்தால் உன்னைப் பார்த்திருப்பேன். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். அண்ணனுக்கு நான் செய்ததற்கு மன்னிப்பு கேட்கமாட்டேன், கேட்கக்கூடிய விஷயமில்லை. அந்தப் பன்னுக்கு மட்டும் கேட்கிறேன்.

அடுத்த மாதம் வெளியே விடுவார்கள். இனி நான் யார் எதிரிலும் நிற்கலாம், யாருக்கும் ஆபத்தில்லை. அதனால் எட்டு வயதில் கேட்கத் தெரியாமல் விட்டதை இப்போது கேட்கிறேன். என்கூடத் தோழியாக இருப்பாயா?

பதில் வராவிட்டால் கோபப்படமாட்டேன். நான் சொல்லியும் ஒருத்தி கேட்காமல் இருக்க முடியும் என்பதே எனக்குப் புதிது.

கோட்டான்